போயிலை ஊரும் தாடை எலும்பும்

திண்டுக்கல் புகையிலையைப் பற்றி யார் எழுதினாலும் சுருட்டில்தான் ஆரம்பிப்பார்கள். ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதை 1887ல் வந்தது. கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலை வைத்தே, கொன்றவன் பிடித்தது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று அதில் ஹோம்ஸ் சொல்லிவிடுகிறார். அந்தச் சுருட்டுக்கான இலை விளைந்தது திண்டுக்கல் சீமையில். பிற்பாடு ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லிலேயே சுருட்டு ஆலை நடத்தியது. பூட்டு, பிரியாணி, சுருட்டு என்று ஊர்ப் பெருமையை அடுக்கும்போது இந்தக் கதை தவறாமல் வந்துவிடும்.

இது புகைத்தவர்களின் கதை. மென்றவர்களின் கதையை யாரும் இப்படி ரசித்து எழுதுவதில்லை. சுருட்டு கப்பலேறிப் போயிற்று. உள்ளூர்த் திண்ணையில் கைமாறியது வெற்றிலைப் பெட்டிதான்.

செயற்கைப் பல்லின் வரலாறு என்று தேடிப் பாருங்கள். மாயா இனத்தவர் சிப்பியைச் செதுக்கித் தாடையில் பதித்தது, ஜார்ஜ் வாஷிங்டனின் நீர்யானைத் தந்தப் பல்செட், வாட்டர்லூ போர்க்களத்தில் பிணங்களின் வாயிலிருந்து பிடுங்கிய பற்கள், கடைசியில் சுவீடன் நாட்டு டைட்டானியத் திருகு என்று வரிசையாக வரும். நல்ல கதைதான். ஆனால் அந்தக் கதை முழுக்கப் பல் விழுகிறது, பதிலுக்கு ஒரு பல் வருகிறது, தாடை மட்டும் பத்திரமாக இருந்த இடத்திலேயே இருக்கிறது. நம் பக்கத்தில் அப்படி இல்லை. இங்கே மருத்துவர்கள் முதலில் உட்கார்ந்து எண்ணி, எழுதி, ஆராய்ந்தது பல்லை அல்ல, தாடையை. அதுவும் அழுகிப்போன தாடையை. பல் கட்டும் பொருள் ரப்பரிலிருந்து டைட்டானியம் வரை மாறிவிட்டது. அதைத் தாங்க வேண்டிய எலும்பும், அதை உள்ளே விட வேண்டிய வாயும் இங்கே வேறொரு கணக்கில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அந்த இரண்டாவது கணக்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிடுவோம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, போயிலை. வத்தலக்குண்டு என்ற ஊர்ப் பெயரே வெற்றிலைக்குன்று என்பதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பக்கத்துக் கொடிக்கால்களைப் பார்த்தவர்களுக்கு அதை நம்பச் சிரமம் இருக்காது. பெட்டிக்குள் பாக்குவெட்டி ஒன்று, சுண்ணாம்புக் கரண்டகம் ஒன்று. பல் போன கிழவிகள் இருக்கும் வீட்டில் கூடவே ஒரு சின்ன இடிஉரல். இரும்பிலோ பித்தளையிலோ இருக்கும். பொக்கை வாய்க்குப் பதிலாக அந்த உரல்தான் பாக்கை மெல்லும். 'டொக் டொக்'குன்னு மத்தியானம் முழுக்கச் சத்தம் கேட்கும். நம் வீடுகளுக்குள் நுழைந்த முதல் செயற்கைப் பல் அந்த உரல்தான் என்பது என் கட்சி. பல் விழுந்தாலும் வெற்றிலை விடக்கூடாது என்பதற்காகவே செய்யப்பட்ட கருவி அல்லவா அது.

மெல்வதில் ஒரு நுணுக்கம் உண்டு. மென்று துப்பிவிட்டுப் போவதோடு விஷயம் முடிவதில்லை. சக்கையைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் அதக்கிக்கொள்வார்கள். வேலை செய்யும்போது அதக்கிக்கொள்வது, சிலர் தூங்கும்போதும் அதக்கிக்கொள்வது. எந்தக் கன்னத்தில் அதக்குவது என்பதுகூட ஆளுக்கு ஆள் பழக்கம். சுண்ணாம்பின் காரம் போயிலையிலிருந்து நிக்கோட்டினை விடுவித்து, சீக்கிரம் ரத்தத்தில் ஏற்றுகிறது. 'சுறுக்'கென்று ஏறுவது அதனால்தான். அதே காரம் கன்னத்தின் உள்தோலையும் அரிக்கிறது. புண்ணான தோலின் மேலேயே மறுபடி போயிலை.

போயிலையும் செடியிலிருந்து நேராக வாய்க்கு வருவதில்லை. வெயிலில் உலர்த்தி, அம்பாரமாக அடுக்கி, கருப்பட்டித் தண்ணீர் தெளித்துப் புழுங்கவைத்து, அடுக்கைப் பிரித்துத் திருப்பி மறுபடி அடுக்குவார்கள். மணமும் காரமும் அந்தப் புழுக்கத்தில்தான் வருகின்றன. நைட்ரோசமைன் எனப்படும் புற்றுநோய்ப் பொருட்கள் உருவாவதும் பெரும்பாலும் இந்த உலர்த்தலிலும் புழுக்கத்திலும்தான். பச்சை இலையில் அவை மிகக் குறைவு. ருசி வரும் வழியும் விஷம் வரும் வழியும் ஒரே வழியாகப் போய்விட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இவற்றில் இரண்டை, மனிதருக்குப் புற்று உண்டாக்குபவை என்று சந்தேகமில்லாமல் முதல் பிரிவில் வைத்திருக்கிறது.

திண்டுக்கல்லிலிருந்து கரூர் சாலையில் போனால் வேடசந்தூர். 1948ல் அங்கே சுருட்டுப் புகையிலைக்கென்று ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். ராஜமுந்திரியில் அதற்கு முந்தைய ஆண்டு தொடங்கிய மத்தியப் புகையிலை ஆராய்ச்சி நிலையத்தின் கிளை அது. சுருட்டுக்கென்று ஆரம்பித்தாலும் காலப்போக்கில் மெல்லும் புகையிலைக்கான ஆராய்ச்சிதான் அங்கே முக்கியமாயிற்று. அங்கிருந்து வந்த ரகங்களின் பெயர்களைக் கேளுங்கள்: மீனாட்சி, அபிராமி, வைரம். மதுரை மீனாட்சியும், திண்டுக்கல்லில் கோயில் கொண்ட அபிராமியும் போயிலை ரகமாகிவிட்டார்கள். இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. உப்புத் தண்ணீர் ஊறும் கிணற்றை வைத்துக்கொண்டு, மழை பொய்க்கும் மானாவாரிக் காட்டுக்கு நடுவே பணம் பார்க்கக்கூடிய பயிர் என்று அந்த விவசாயிக்கு வேறு அதிகம் வாய்க்கவில்லை. இலையை ஆராய அரசாங்கம் நிலையம் கட்டிய அந்தக் காலத்தில், அதை மென்ற வாயை ஆராயும் வேலை எங்கே நடந்துகொண்டிருந்தது என்று பார்க்க, முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே போக வேண்டும்.

அதற்கு முன் சென்னையில் ஒரு நிமிடம். 1902ல் சென்னைப் பொது மருத்துவமனையைச் சேர்ந்த நிப்லாக் என்ற அறுவை மருத்துவர் இந்தியன் மெடிக்கல் கெஜட்டில் இந்தியாவில் புற்றுநோய் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். வாய்ப்புற்றையும் வெற்றிலை மெல்லுவதையும் சேர்த்துப் பேசிய ஆரம்ப காலக் கட்டுரைகளில் அது ஒன்று. வெப்ப நாட்டில் புற்றுநோய் அரிது என்று ஐரோப்பிய மருத்துவர்கள் பலர் நம்பிக்கொண்டிருந்த காலம். பார்க்காததால் அரிது என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

பார்த்தவர்கள் நெய்யூரில் இருந்தார்கள். இன்று கன்னியாகுமரி மாவட்டம், அன்று திருவிதாங்கூர் ராஜ்யம். லண்டன் மிஷன் 1838ல் ஆர்ச்சிபால்ட் ராம்சேயை அனுப்பி அங்கே மருத்துவப் பணியைத் தொடங்கியது. 1908ல் அதே மருத்துவமனையின் பென்டால், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 1,700 புற்றுநோயாளிகளின் தொகுப்பை வெளியிட்டார். யோசித்துப் பாருங்கள். கேஸ் ஷீட்டை ஒழுங்காக எழுதி வைப்பதே பெரிய காரியமாக இருந்த காலத்தில், தென்கோடியில் ஒரு சின்ன ஊர் மருத்துவமனை 1,700 பேரின் கணக்கை வைத்திருந்தது. அதில் பெரும்பங்கு வாய்ப்புற்று.

1922ல் எவரெஸ்டிலிருந்து இறங்கிய ஹோவர்ட் சோமர்வெல் இந்தியாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம் என்று கிளம்பியவர். நெய்யூரில் ஒரே ஒரு அறுவை மருத்துவர், வாசலில் முடியாத கூட்டம். லண்டன் வேலையை விட்டுவிட்டு அங்கேயே வந்து சேர்ந்தார். 1924ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போனவர், உச்சிக்கு முந்நூறு மீட்டர் கீழே வரை ஏறிவிட்டுத் திரும்பும்போது மூச்சு அடைத்து உட்கார்ந்துவிட்டார். குளிரில் செத்துப்போன தொண்டையின் உள்தோல் கழன்று குழாயை அடைத்துவிட்டது. நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்தி, இருமி, அதை வெளியே தள்ளிப் பிழைத்தார். உள்தோல் என்பது எவ்வளவு மெல்லிய விஷயம் என்று சொந்த உடம்பில் தெரிந்துகொண்ட ஒருவர், அடுத்த இருபது வருடத்துக்கும் மேலாக வெற்றிலைக்காரர்களின் கன்னத்து உள்தோலை அறுத்துக்கொண்டிருந்தார். ரேடியம் வைத்தும் வைத்தியம் பார்த்தார்கள். கடைசிக் காலத்தில் அவர் வேலூர் சி.எம்.சி.யில் அறுவை சிகிச்சை சொல்லிக்கொடுத்தார்.

நெய்யூரின் இன்னொரு மருத்துவர் ஆர். 1933ல் லான்செட் இதழில் திருவிதாங்கூர் வெற்றிலை மெல்பவர்களின் வாய்ப்புற்று பற்றி அவர் எழுதிய கட்டுரையை இந்தத் துறைக்காரர்கள் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை 1950ல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிறுவினார்கள் என்று பாடப்புத்தகம் சொல்லும். அதற்கு 17 வருடம் முன்பே ஒரு தமிழ் கிராமத்தின் மருத்துவமனை, புகையிலைக்கும் புற்றுக்கும் உள்ள உறவை வாயில் கண்டு எழுதிவிட்டது. இதை ஏன் நாம் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்வதில்லை என்று எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. சுருட்டைப் பற்றிச் சொல்கிறோமே.

இந்தப் புற்று ஏன் தாடையைத் தின்கிறது என்பதற்கு உடற்கூறிலேயே பதில் இருக்கிறது. மேலை நாடுகளில் வாய்ப்புற்று அதிகமாக வருவது நாக்கிலும் வாயின் தரையிலும். இங்கே அதக்கும் இடத்தில், அதாவது கன்னமும் கீழ் ஈறும் சேரும் பள்ளத்தில். மருத்துவ நூல்கள் இதற்கு இந்திய வாய்ப்புற்று என்றே பெயர் வைத்துவிட்டன. ஈறுக்கு அடியில் உடனே எலும்பு. பல் இருக்கும்வரை அது ஓரளவு வேலி. பல் விழுந்த தாடையில் கட்டி மேலிருந்து நேராக எலும்புக்குள் இறங்கிவிடும். ஆடுகிற பல்லைப் பிடுங்கப் போய், பிடுங்கிய குழி ஆறவே இல்லை என்று சில மாதம் கழித்து வருகிறவர்களில் ஒரு பங்கினருக்குப் பல்லில் நோயே இருந்திருக்காது. அடியில் இருந்த கட்டிதான் பல்லை ஆட்டியிருக்கும்.

அறுக்கும்போது எலும்பின் விளிம்பை மட்டும் செதுக்கினால் போதுமா, முழுத் துண்டையே எடுக்க வேண்டுமா என்பது அறுவை மேசையின் பெரிய கேள்வி. முழுத் துண்டு எடுத்தால் முகம் ஒரு பக்கம் சரிந்துவிடும், எச்சில் ஒழுகும். கதிர்வீச்சு கொடுத்தால் எலும்புக்குள் ஓடும் சின்ன ரத்தக் குழாய்கள் கருகிப்போகும். அதற்குப் பிறகு அங்கே பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்து வெளியே நீட்டிக்கொண்டு வரலாம். அதனால்தான் கதிர்வீச்சுக்கு முன்பே கெட்ட பற்களைப் பிடுங்கிவிடுவார்கள்.

1954ல் முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கினார். 1959ல் அங்கிருந்து வி. சாந்தாவும் எஸ். கிருஷ்ணமூர்த்தியும் வாய்ப்புற்றின் காரணிகள் பற்றிய ஆய்வை பிரிட்டிஷ் கேன்சர் இதழில் வெளியிட்டார்கள். நெய்யூர் மிஷனரிகள் தொடங்கிய கணக்கைத் தமிழ் மருத்துவர்களே கையில் எடுத்துக்கொண்டது அப்போது.

சரி, பல் கட்டுகிற பக்கத்துக்கு வருவோம். ஊரில் பல் பிடுங்குவது நாவிதர் வேலையாகத்தான் ரொம்ப நாள் இருந்தது. பல் கட்டுவது என்று ஒன்று வந்ததில் சீனர்களுக்குப் பங்கு உண்டு. ஹூபெய் மாகாணத்திலிருந்து கிளம்பிய பல் வைத்தியக் குடும்பங்கள் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்திய ஊர்களில் கடை போட்டன. கண்ணாடிப் பெட்டிக்குள் சிரிக்கும் பல்செட்டும், பெரிய வாய் வரைந்த போர்டும் நடுத்தர வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். கல்லூரியில் படித்தவர்கள் அல்ல, அப்பாவிடம் பிள்ளை கற்ற கைத்தொழில். 1948ல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, பட்டம் இல்லாமல் ஏற்கெனவே தொழில் செய்துவந்தவர்களுக்கென்று பதிவேட்டில் இரண்டாவது பகுதியைத் திறந்து இடம் கொடுத்தார்கள். 1953ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் பிரிவு தொடங்கியது. பிற்பாடு அது தனிக் கல்லூரியாயிற்று.

பொருள்? முதலில் வல்கனைட், அதாவது கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் வந்து எண்பது வருடம் ஆண்டது. ஈறு மாதிரி தெரியவேண்டும் என்று சிவப்புச் சாயம் போடுவார்கள். ஆனாலும் செங்கல் நிறம்தான் வரும், நாற்றமும் பிடிக்கும். 1937ல் அக்ரிலிக் வந்ததும் வல்கனைட் ஒழிந்தது. இன்று பல்செட் என்றால் நாம் சொல்வது அந்தப் பிளாஸ்டிக்கைத்தான்.

இந்தப் பிளாஸ்டிக்குக்கு ஒரு கிளைக்கதை இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் விமானங்களின் முன்கண்ணாடியும் இதே பொருள்தான். அது உடைந்து விமானிகளின் கண்ணில் தெறித்தபோது கண் அதை வெறுக்கவில்லை என்று கவனித்த ஹெரால்ட் ரிட்லி, 1949ல் அதையே லென்ஸாக்கிக் கண்ணுக்குள் வைத்தார். 1992ல் மதுரை அரவிந்த் மருத்துவமனைக்காரர்கள் ஆரோலேப் என்று தொடங்கி அந்த லென்ஸை இங்கேயே செய்து விலையை மடமடவென்று இறக்கினார்கள். திண்டுக்கல்லிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் நடந்த விஷயம். கண்ணுக்கு நடந்த இது பல்லுக்கு நடக்கவில்லை. இந்தியாவில் செய்த இம்பிளான்ட்டுகள் வந்துவிட்டன, விலையும் முன்னைவிடக் குறைவு. இருந்தாலும் கூலிக்குப் போகிற ஒருவர், கண்புரை ஆபரேஷன் மாதிரி "போயி வெச்சிக்கிட்டு வந்துடலாம்" என்று கிளம்புகிற காரியமாக அது இன்னும் ஆகவில்லை.

பல்செட்டில் தீராத குறை ஒன்று உண்டு. பல் வேர் இல்லாத தாடை எலும்பு சும்மா இருக்காது, கரையும். 1972ல் டால்கிரென் என்ற ஆய்வாளர், பல்செட் போட்டவர்களை 25 வருடம் தொடர்ந்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து ஒரு கணக்குச் சொன்னார். மேல்தாடையைவிடக் கீழ்த்தாடை நாலு மடங்கு கரைகிறது. மூக்கும் மோவாயும் முட்டிக்கொள்கிற மாதிரி ஆகிவிடும் கிழவி முகம் அப்படித்தான் உண்டாகிறது. பல் கட்டி நாலைந்து வருடத்தில் "செட்டு லூசாயிடுச்சு" என்று வருவதும் அதனால்தான். செட்டு அப்படியேதான் இருக்கும், எலும்புதான் இறங்கியிருக்கும். வெற்றிலைக்காரர்களின் அக்ரிலிக் காவியேறிச் சிவந்திருப்பது தனி. (சொந்தப் பல்லின் காவிக்கு இந்தச் சமவெளியில் இன்னொரு காரணமும் உண்டு. நிலக்கோட்டை வட்டாரத்தில் நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்று காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகத்தினர் அளந்து எழுதியிருக்கிறார்கள். ஃப்ளூரைடு பிடித்த எனாமல், பல் ஒட்டுவதற்குப் போடும் அமிலத்துக்குச் சுலபத்தில் மசியாது. வெற்றிலையே போடாத பிள்ளையின் பல்லும் பழுப்பாக இருந்தால் முதலில் கிணற்றைப் பாருங்கள்.)

எலும்பு கரைவதற்கு மாற்று சுவீடனில் தற்செயலாகக் கிடைத்தது. 1952ல் பெர்-இங்வார் பிரோனேமார்க், முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியத்தால் செய்த சின்னக் கண்ணறையை வைத்து ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை. எலும்பு அதோடு ஒன்றாகிவிட்டது. டைட்டானியத்தின் மேல் காற்று பட்டதும் படரும் ஆக்சைடு படலம் கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லியது. எலும்புச் செல்கள் அதை அந்நியமாகப் பார்ப்பதில்லை. 1965ல் பிறவியிலேயே தாடைக் குறை உள்ள கோஸ்டா லார்சன் என்பவருக்கு முதல் இம்பிளான்ட். 2006ல் அவர் இறக்கும்வரை அது வாயில் இருந்தது. 1982ல் டொரொண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகுதான் உலகம் நம்பியது.

அந்த டைட்டானியம் எதில் இருக்கிறது? இல்மனைட் என்கிற கறுப்பு மணலில். அது எங்கே கிடைக்கிறது? நெய்யூருக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, மணவாளக்குறிச்சிக் கடற்கரையில். 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் அந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார், கேஸ் விளக்கு வலைக்காக அது கப்பலேறியது. இல்மனைட்டும், இப்போது வெள்ளைப் பல் இம்பிளான்ட்டுக்குப் போகும் சிர்கோனியாவின் மூலமான சிர்க்கானும் அதே மணலில்தான். தாடையை வெட்டி எடுத்துக்கொண்டிருந்த ஊருக்கும், தாடையில் பதிக்கும் உலோகம் அலையடித்துக் கிடந்த கரைக்கும் நடக்கிற தூரம். ஆனால் மணலிலிருந்து உலோகம் எடுப்பது சாமானிய வேலை இல்லை. குரோல் முறை என்று குளோரினும் மக்னீசியமும் சேர்த்துச் சூட்டில் செய்யும் வித்தை, 1940வாக்கில் வந்தது. இந்தியாவில் டைட்டானியப் பஞ்சு தயாரிக்கும் ஆலை, கேரளத்தின் சவராவில் 2011ல்தான் திறந்தது. அதுவரை மணல் போகும், உலோகம் விலை ஏறித் திரும்பி வரும்.

சரி, டைட்டானியம் வந்துவிட்டது. இனி வாய்ப்புற்றில் தாடையை இழந்தவருக்குக்கூட, காலின் இரண்டு எலும்பில் மெலிசான ஃபிபுலாவை ரத்தக் குழாயோடு எடுத்து வளைத்துத் தாடையாக்கி, அதில் இம்பிளான்ட் பதித்துப் பல் வைக்கலாம். 1989ல் ஹிடால்கோ என்ற அமெரிக்க மருத்துவர் ஃபிபுலாவைத் தாடையாக்கிக் காட்டிய பிறகு இது உலகமெங்கும் வழக்கமாகிவிட்டது. மேல்தாடை போனவருக்கு அக்ரிலிக் அடைப்பான். பதினாறாம் நூற்றாண்டு பிரான்சில் அம்புரோஸ் பாரே உலோகத் தகடும் ஸ்பாஞ்சும் வைத்துச் செய்த அதே யோசனைதான். அது இல்லாவிட்டால் குடிக்கிற தண்ணீர் மூக்கு வழியாக வந்துவிடும், பேச்சு யாருக்கும் புரியாது. இருபது வயதில் இருக்கும் மகன், அப்பா பேசுவதை அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொல்கிற நிலைமையை அந்தச் சின்னப் பிளாஸ்டிக் துண்டு மாற்றிவிடுகிறது. இம்பிளான்ட்டைவிட இதுதான் பெரிய கண்டுபிடிப்பு என்று சில சமயம் எனக்குத் தோன்றும்.

இத்தனை இருந்தும் வாய் திறக்கவில்லை என்றால்?

1952ல் கென்யாவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களிடம் ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் ஒரு புது நோயைக் கண்டு எழுதினார். அடுத்த வருடம் பம்பாயில் எஸ். ஜி. ஜோஷி அதையே விவரித்தார். கன்னத்தின் உள்தோலுக்கு அடியில் நார் நாராகக் கொலாஜன் சேர்ந்து இறுகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டிக்கொள்கிறது. காரம் பட்டால் எரியும், நாக்கை நீட்ட முடியாது, விசிலடிக்க வராது. காரணம் போயிலை இல்லை, பாக்கு. அதிலுள்ள அரிகோலின் நாரை வளர்க்கிறது, செம்புச் சத்து அந்த நாரை முறுக்கிக் கெட்டியாக்குகிறது. "நான் போயிலை போடறதில்லீங்க, வெறும் பாக்குதான்" என்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. போயிலை கலக்காத வெற்றிலைப் பாக்கும், தனிப் பாக்கும்கூடப் புற்று உண்டாக்குபவை என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் அமைப்பு 2004ல் வெளியிட்ட தொகுப்பில் சொல்லிவிட்டது. எர்ணாகுளத்தில் இந்த நோயுள்ள 66 பேரை 17 வருடம் பின்தொடர்ந்ததில் 7.6 சதவீதம் பேருக்குப் புற்று வந்தது.

கிழவிகளின் நோய் இப்போது பையன்களின் நோய் ஆகியிருக்கிறது. வெற்றிலை போட நேரம் வேண்டும். 1980களில் பரவிய பாக்கெட்டுக்கு அது வேண்டாம். பல்லால் கிழி, கொட்டு, அதக்கு. நூற்பாலை நைட் ஷிஃப்டுக்கும் லாரி ஸ்டியரிங்குக்கும் தோதான பண்டம். வெற்றிலையின் பச்சை இல்லாமல் உலர்ந்த பாக்குத்தூள் மட்டும் என்பதால் நோய் இன்னும் சீக்கிரம் வருகிறது. தமிழக அரசு 2001ல் குட்கா, பான் மசாலா, மெல்லும் புகையிலைக்குத் தடை போட்டது. 2004ல் உச்ச நீதிமன்றம் அந்த மாதிரித் தடைகள் செல்லாது என்றது. 2013ல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மறுபடி தடை, வருடாவருடம் நீட்டிப்பு. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தை நிறுத்தி வைத்தது. இத்தனை ஆட்டத்திலும் வெறும் பாக்கு எந்தத் தடையிலும் இல்லை.

இம்பிளான்ட் பதிக்க வருகிறவரிடம் மருத்துவர் முதலில் பார்ப்பது, மூன்று விரலை அடுக்கி வாய்க்குள் விட முடிகிறதா என்று. ஒரு விரல்தான் போகிறது என்றால் கடைவாயில் துளையிடும் கருவியே நுழையாது. பல்செட் போட்டால் எடுக்கவும் மாட்டவும் முடியாது. புகைப்பவர்கள் விஷயத்திலும் கணக்கு இருக்கிறது. 1993ல் பெய்னும் மோயும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இம்பிளான்ட்டுகளைப் பார்த்ததில், புகைப்பவர்களிடம் 11.28 சதவீதமும் புகைக்காதவர்களிடம் 4.76 சதவீதமும் தோற்றன. உலோகம் ஒன்றுதான், வாய்தான் வேறு.

திண்டுக்கல்லுக்கு வாய்த்த நல்ல விஷயம் ஒன்று சொல்ல வேண்டும். ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில், அடையாறு மருத்துவமனை உதவியோடு 1990களின் நடுவிலிருந்து ஒரு புற்றுநோய்ப் பதிவேடு நடக்கிறது. கிராமத்தில் யாருக்கு என்ன புற்று வந்தது என்று வீடு வீடாகப் போய் எழுதுகிறவர்கள் அவர்கள். அந்த அடித்தளத்தின் மேல்தான், பெண்களின் கருப்பை வாயை வினிகர் தடவிக் கண்ணால் பார்த்தே சோதிக்கும் ஆய்வு இந்த மாவட்டத்தில் நடந்தது. அதில் இறப்பு 35 சதவீதம் குறைந்ததை 2007ல் லான்செட் வெளியிட்டது. வாய்க்கு அதே மாதிரி ஆய்வு திருவனந்தபுரத்தில் நடந்து 2005ல் வந்தது. பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர் டார்ச் அடித்து வாயைப் பார்த்ததிலேயே, புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஸ்கேன் இல்லை, ஊசி இல்லை. கன்னத்தை ஒதுக்கி வெள்ளைத் திட்டு இருக்கிறதா என்று பார்ப்பதுதான். எலும்பைத் தொடுவதற்கு முன் பிடித்துவிட்டால் தாடை மிச்சம்.

வாய் ஏற்கெனவே இறுகியவருக்கு மருந்து ஊசி போடுவார்கள், முற்றினால் நாரை அறுத்துவிடுவார்கள். எதைச் செய்தாலும் வீட்டுக்கு அனுப்பும்போது கூட ஒரு கட்டு ஐஸ்கிரீம் குச்சியும் சொல்லி அனுப்புவது வழக்கம். மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே போகிற அளவு குச்சிகளை அடுக்கிச் செருகி, கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும், ஒரு நாளைக்குப் பல தடவை. இறுக்கம் விட்டதும் நடுவில் இன்னொரு குச்சி. பாக்கை மறுபடி போட்டால் குச்சியை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டிவரும். விட்டவர்கள் மாதக்கணக்கில் செருகிச் செருகித்தான் மறுபடி மூன்று விரலுக்கு வந்து சேர்கிறார்கள். திருகைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான்.